துருக்கியில் புராட்டஸ்டன்ட் சபைகள்: நம்புகிறவர் இருக்கிறார், சபை சட்டத்தில் இல்லை

பல ஆண்டுகள் துருக்கியில் வாழ்ந்த புராட்டஸ்டன்ட் போதகர் ஒருவர் விமான நிலையத்திலேயே திருப்பி அனுப்பப்பட்டார், அல்லது ஒரு சபை கூடிவந்த இடத்தில் வழிபாடு நடத்தக் கூடாதென்று நகராட்சி அறிவித்தது என்பது போன்ற செய்திகள் அவ்வப்போது வெளியாகின்றன. அவற்றைப் படிப்பவர்களில் ஒரு சாரார் அந்நாட்டில் கிறிஸ்தவராக இருப்பதே குற்றம் என்று எண்ணிக்கொள்கிறார்கள். துருக்கி மதச்சார்பற்ற குடியரசு, அங்கே பழைய தேவாலயங்கள் திறந்தே இருக்கின்றன, ஆகவே செய்தி மிகைப்படுத்தப்பட்டது என்பது இன்னொரு சாராரின் முடிவு. இரண்டுமே தவறு. மதம் மாறுவதையோ மதத்தைப் பரப்புவதையோ குற்றமென்று சொல்லும் சட்டம் துருக்கியில் இல்லை. ஆனால் ஒரு சபை, சபை என்ற பெயரிலேயே பதிவுபெறுவதற்கான சட்டமும் அங்கே இல்லை. செய்திகளில் தனித்தனிப் பிரச்சினைகளாகத் தெரியும் பலவும் இந்த ஒரு வெற்றிடத்திலிருந்தே கிளைக்கின்றன.

சுமார் 8 கோடியே 50 லட்சம் மக்கள் வாழும் நாட்டில் புராட்டஸ்டன்ட் கிறிஸ்தவர்கள் சில ஆயிரம் பேர்தான். தாராளமான மதிப்பீடுகள்கூடப் பத்தாயிரத்தை ஒட்டியே நிற்கின்றன. சபைகள் ஏறத்தாழ இருநூறு. எண்ணிக்கையில் இவ்வளவு சிறிய சமூகத்தின் நிலையை விளங்கிக்கொள்ள 1846ஆம் ஆண்டு வரை பின்னோக்கிப் போக வேண்டியிருக்கிறது. அதற்குமுன் ஒரு கலைச்சொல்லைத் தெளிவுபடுத்திக்கொள்வது நல்லது.

## சட்ட ஆளுமை என்பது என்ன?

சட்டத்தின் பார்வையில் உரிமையும் கடமையும் உடையவர் 'நபர்'. மனிதர்கள் அனைவரும் பிறப்பால் நபர்கள். நிறுவனம், சங்கம், அறக்கட்டளை போன்றவை பதிவுசெய்யப்படும்போது சட்டம் அவற்றையும் நபராகக் கருதத் தொடங்குகிறது. இந்தத் தகுதியே சட்ட ஆளுமை. அதைப் பெற்ற அமைப்புக்கு நான்கு ஆற்றல்கள் கிடைக்கின்றன:

1. தன் பெயரிலேயே நிலமும் கட்டடமும் வாங்கலாம், வங்கிக் கணக்கு வைத்திருக்கலாம்.
2. வழக்குத் தொடுக்கலாம், தன்மீது தொடுக்கப்படும் வழக்கை எதிர்கொள்ளலாம்.
3. ஊழியரை நியமித்து அவருக்குச் சம்பளமும் சமூகப் பாதுகாப்பும் அளிக்கலாம்.
4. நிறுவியவர்கள் இறந்த பின்னும் அது தொடரும். சொத்து வாரிசுகளுக்குப் பிரிந்து போகாது.

இவற்றில் நான்காவதன் முக்கியத்துவம் வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு எளிதில் தெரிவதில்லை. சட்ட ஆளுமை இல்லாத சபை ஒரு கட்டடம் வாங்க விரும்பினால் உறுப்பினர் ஒருவரின் பெயரில் வாங்க வேண்டும். அவர் இறந்தால், விவாகரத்துப் பெற்றால், கடனில் மூழ்கினால் அல்லது சபையோடு பிணங்கிப் பிரிந்தால் ஆலயமும் அவரோடு போய்விடும்.

மத சுதந்திரத்திற்கும் இதேபோல் இரண்டு பகுதிகள் உண்டு. விரும்பியதை நம்புவது தனிமனிதருக்கு உரிய பகுதி. பலர் கூடி, இடம் அமைத்து, போதகரை நியமித்து, அடுத்த தலைமுறைக்குக் கற்பிப்பது கூட்டாக அனுபவிக்கும் பகுதி. துருக்கியின் அரசியல் சாசனம் 24ஆம் பிரிவில் முதற்பகுதிக்குத் தெளிவான உத்தரவாதம் தருகிறது. இரண்டாவது பகுதிக்கு வரும்போது சட்டம் மௌனமாகிவிடுகிறது.

## மில்லத் முறையும் புராட்டஸ்டன்ட்களும்

உஸ்மானிய (ஒட்டோமான்) பேரரசு முஸ்லிம் அல்லாத குடிமக்களைத் தனித்தனியாக ஆளாமல் 'மில்லத்' எனப்பட்ட சமயச் சமூகங்கள் வழியாக ஆண்டது. கிரேக்க ஆர்த்தடாக்ஸ், ஆர்மீனியர், யூதர் ஆகிய மூன்றும் அவற்றுள் முதன்மையானவை. திருமணம், மரபுரிமை, அடக்கம், வரிப் பங்கீடு ஆகியவை மில்லத்தின் தலைமையிடம் இருந்தன. எந்த மில்லத்திலும் சேராத ஒருவருக்கு நடைமுறையில் குடிமை வாழ்வே இல்லை.

1820இல் அமெரிக்க புராட்டஸ்டன்ட் மிஷனரிகள் இன்று இஸ்மிர் எனப்படும் ஸ்மிர்னாவில் வந்திறங்கினர். முஸ்லிம்களிடையே பணி செய்ய இயலாத சூழலில் அவர்களின் பணி பெரும்பாலும் ஆர்மீனியர்களிடையே வேரூன்றியது. இதனால் ஆர்மீனியத் திருச்சபைக்குள் சீர்திருத்தக் கருத்துள்ள ஒரு பிரிவு உருவாயிற்று. 1846இன் தொடக்கத்தில் கான்ஸ்டான்டிநோபிளின் ஆர்மீனியத் திருச்சபைத் தலைவரான மறைமுதுவர் மத்தேயோஸ் அவர்களைத் திருச்சபையிலிருந்து விலக்கினார். இன்று அப்படியொரு விலக்கம் ஆன்மிகத் தண்டனையாக மட்டுமே இருக்கும். அன்றைய மில்லத் அமைப்பில் அது குடிமை மரணம். விலக்கப்பட்டவர்களின் கடைகள் மூடப்பட்டன. கைவினைஞர் குழுமங்கள் அவர்களை வெளியேற்றின. வாடகை வீடுகளிலிருந்து அவர்கள் துரத்தப்பட்டார்கள். அதே ஆண்டு ஜூலை 1 அன்று சுமார் 40 பேர் கூடித் தனிச் சபையை நிறுவினர். புராட்டஸ்டன்ட் ஆக வேண்டும் என்ற ஆவலைவிட வேறு வழியில்லாத நிலையே அதற்கு அதிகக் காரணமாக இருந்தது என்று சொல்லலாம்.

பிரிட்டிஷ் தூதரகத்தின் முயற்சியால் 1847இல் பிரதம மந்திரியின் ஆணையும், 1850இல் சுல்தான் அப்துல்மெசித்தின் ஃபர்மான் என்னும் அரசாணையும் வெளிவந்தன. இவற்றால் புராட்டஸ்டன்ட்கள் தனி மில்லத்தாக ஏற்கப்பட்டனர். மற்ற மில்லத்களின் தலைமையில் மதகுருக்கள் இருக்க, புராட்டஸ்டன்ட்களுக்கு 'வெகில்' எனப்பட்ட குருவல்லாத பிரதிநிதி ஒருவர் அரசோடு பேசினார். ஆக, 1850இல் புராட்டஸ்டன்ட் சமூகத்துக்குப் பெயரும் தலைமையும் முத்திரையும் இருந்தன. இன்று அவை எதுவும் இல்லை. சட்ட அங்கீகாரம் என்ற ஒன்றை மட்டும் அளவுகோலாக எடுத்துக்கொண்டால், சுல்தானின் காலம் குடியரசுக் காலத்தைவிட மேலானதாகத் தோன்றும். அந்த அங்கீகாரம் சமத்துவத்தின் விளைவன்று என்பதையும், மில்லத்துக்குள் பிறந்த தனிமனிதருக்கு அதிலிருந்து எளிதில் வெளியேற வழியில்லை என்பதையும் சேர்த்துப் பார்த்தால் ஒப்பீடு அவ்வளவு நேரடியாக அமையாது.

1915இல் தொடங்கிய ஆர்மீனியப் பேரழிவில் இந்தப் பழைய புராட்டஸ்டன்ட் சமூகத்தின் பெரும்பகுதி அழிந்தது, அல்லது நாட்டை விட்டு வெளியேறியது. இன்றைய சபைகளில் பெரும்பாலானவை அதன் தொடர்ச்சியல்ல. முஸ்லிம் குடும்பங்களில் பிறந்து கிறிஸ்தவத்துக்கு வந்த துருக்கியர்களைக் கொண்டு கடந்த அரை நூற்றாண்டில் உருவானவை. பழைய ஆர்மீனிய புராட்டஸ்டன்ட் சபைகள் சிலவற்றுக்குச் சமூக அறக்கட்டளைகள் உண்டு. புதியவற்றுக்கு அவை இல்லை. இந்த வேறுபாட்டை மனத்தில் இருத்தாவிட்டால் பின்வரும் சட்டச் சிக்கல் விளங்காது.

## லொசான் ஒப்பந்தம்: எழுத்தும் நடைமுறையும்

1923 ஜூலை 24 அன்று கையெழுத்தான லொசான் ஒப்பந்தம் புதிய துருக்கியின் எல்லைகளை உறுதிசெய்தது. அதன் 37 முதல் 45 வரையிலான பிரிவுகள் சிறுபான்மையினரின் பாதுகாப்பைப் பற்றியவை. 38ஆம் பிரிவு துருக்கியில் வாழும் அனைவருக்கும் வழிபாட்டு உரிமை வழங்குகிறது. 40ஆம் பிரிவு முஸ்லிம் அல்லாத சிறுபான்மையினர் தங்கள் செலவில் சமய, அற, கல்வி நிறுவனங்களை நிறுவி நடத்தலாம் என்கிறது. 42ஆம் பிரிவு ஆலயங்களுக்கும் கல்லறைகளுக்கும் பாதுகாப்பு அளிக்கிறது. இவற்றுக்கு மாறாக வேறெந்தச் சட்டமும் செல்லாது என்பது 37ஆம் பிரிவு.

இப்பிரிவுகள் எந்தச் சமூகத்தின் பெயரையும் குறிப்பிடவில்லை. 'முஸ்லிம் அல்லாத சிறுபான்மையினர்' என்ற பொதுச்சொல்லே அங்கு உள்ளது. ஆனால் துருக்கி அரசு தொடக்கம் முதலே அதை ஆர்மீனியர், கிரேக்க ஆர்த்தடாக்ஸ், யூதர் என்ற மூன்று சமூகங்களாகச் சுருக்கிப் படித்துவந்துள்ளது. பழைய மில்லத் பட்டியல் குடியரசின் நடைமுறைக்குள் சத்தமின்றி நுழைந்தது என்றே இதைச் சொல்ல வேண்டும். சிரியக் மொழி வழிபாட்டு மரபைச் சேர்ந்த சிரியக் கிறிஸ்தவர்களும் லத்தீன் கத்தோலிக்கரும் புராட்டஸ்டன்ட்களும் அதற்கு வெளியே நின்றனர். குடிமை மற்றும் அரசியல் உரிமைகளுக்கான சர்வதேச உடன்படிக்கையை 2003இல் ஏற்றபோது, சிறுபான்மையினர் பற்றிய அதன் 27ஆம் பிரிவைத் தன் அரசியல் சாசனத்துக்கும் லொசான் ஒப்பந்தத்துக்கும் இணங்கவே பொருள்கொள்வதாகத் துருக்கி ஒரு நிபந்தனையைச் சேர்த்தது. எனவே இந்தக் குறுகிய வாசிப்பு ஒரு பழைய பழக்கம் மட்டுமன்று, அறிவிக்கப்பட்ட கொள்கை.

இந்த வாசிப்பு அசைக்க முடியாததும் அன்று. 2013இல் அங்காராவின் நிர்வாக நீதிமன்றம் ஒன்று, சிரியக் கிறிஸ்தவர்களும் லொசான் ஒப்பந்தத்தின் பாதுகாப்புக்குள் வருவதால் தங்கள் மொழியில் மழலையர் பள்ளி நடத்தலாம் என்று தீர்ப்பளித்தது. அதே தர்க்கம் புராட்டஸ்டன்ட்களுக்கும் பொருந்தும்.

எனினும் லொசான் பட்டியலில் இடம் பெறாததே எல்லாத் துன்பங்களுக்கும் காரணம் என்று பல கட்டுரைகள் எழுதுவதை முழுமையாக ஏற்க இயலவில்லை. பட்டியலில் உள்ள கிரேக்க ஆர்த்தடாக்ஸ் மறைமுதுவர் பீடத்துக்கே துருக்கிச் சட்டத்தில் சட்ட ஆளுமை இல்லை. அங்கீகரிக்கப்பட்ட சமூகங்களுக்கு இருப்பவை உஸ்மானியக் காலத்திலிருந்து தொடரும் சமூக அறக்கட்டளைகள். அவை 160க்கும் சற்று அதிகம். ஒவ்வொன்றும் ஒரு குறிப்பிட்ட ஆலயத்தை, மருத்துவமனையை அல்லது பள்ளியைச் சார்ந்தது. திருச்சபை என்ற முழு அமைப்பைப் பதிவுசெய்யும் வழி அவர்களுக்கும் கிடையாது. பட்டியலுக்குள் நுழைந்தாலும் புராட்டஸ்டன்ட் சபைகள் அதே சுவரில்தான் மோதும்.

## சுவர் எங்கே இருக்கிறது? உரிமையியல் சட்டத்தின் 101ஆம் பிரிவு

தமிழில் வக்ஃபு என்று வழங்கும் அரபுச் சொல்தான் துருக்கியில் 'வக்ஃப்' ஆகிறது. ஆனால் அங்கே இன்று அது எந்த நோக்கத்துக்காகவும் நிறுவப்படும் பொது அறக்கட்டளையைக் குறிக்கும் சட்டச் சொல். 2002 ஜனவரி 1 முதல் நடைமுறையில் உள்ள துருக்கி உரிமையியல் சட்டத்தின் 101ஆம் பிரிவு, ஒரு குறிப்பிட்ட இனத்தவரையோ சமூகத்தவரையோ ஆதரிக்கும் நோக்கில் அறக்கட்டளை நிறுவக் கூடாது என்கிறது. அந்தத் தடை 1967இல் பழைய சட்டத்தில் சேர்க்கப்பட்டு அங்கிருந்து புதிய சட்டத்துக்கு வந்தது. 'சமூகம்' என்பதற்கு அங்கே பயன்படும் துருக்கிச் சொல் 'ஜெமாத்'. தமிழ் முஸ்லிம்கள் ஜமாஅத் என்று சொல்லும் அதே சொல்.

இந்தச் சொல்லே தடையின் பின்னணியைக் காட்டிக்கொடுக்கிறது. 1925ஆம் ஆண்டின் 677ஆம் எண் சட்டம் சூஃபி மடங்களையும் தர்காக்களையும் மூடியது. அதற்கு முந்தைய ஆண்டு மார்ச் 3 அன்று கிலாஃபத் ஒழிக்கப்பட்டு, மசூதிகளையும் இமாம்களையும் அரசின் நிர்வாகத்தில் வைக்கும் தியானெத் என்ற சமய விவகாரத் தலைமையகம் நிறுவப்பட்டது. அரசின் கையை மீறித் தனக்கென நிதியும் நிலமும் தலைமையும் கொண்ட எந்தச் சமய அமைப்பும் வளரக் கூடாது என்பதே துருக்கிய மதச்சார்பின்மையின் மையக் கவலை. அதன் முதல் இலக்கு இஸ்லாமிய இயக்கங்கள். சில ஆயிரம் புராட்டஸ்டன்ட்களை மனத்தில் வைத்து யாரும் அந்தச் சட்டத்தை எழுதவில்லை. பெரிய மீனுக்கு விரித்த வலையில் அவர்களும் சிக்கியிருக்கிறார்கள்.

வலை எவ்வாறு இறுகுகிறது என்பதற்கு ஒரு வழக்கு நல்ல சான்று. 2000ஆம் ஆண்டில் அங்காராவில் சிலர் துருக்கியக் குடிமக்களான புராட்டஸ்டன்ட்களின் சமயத் தேவைகளுக்காக 'குர்துலுஷ் சபைகள் அறக்கட்டளை' என்ற பெயரில் ஒன்றைப் பதிவுசெய்ய முயன்றனர். நோக்கம் ஒரு ஜெமாத்துக்கு மட்டும் உரியது என்று கூறி நீதிமன்றங்கள் மறுத்தன. ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் 2009 அக்டோபர் 6 அன்று, அவர்கள் தொடுத்த ஓஸ்பெக் வழக்கில், சங்கம் அமைக்கும் உரிமை மீறப்பட்டதென்று தீர்ப்பளித்தது. அந்தத் தீர்ப்பின் காரணம் கவனிக்கத்தக்கது: அறக்கட்டளைப் பத்திரத்தைத் திருத்திக்கொள்ள நிறுவுநர்களுக்கு அவகாசம் தரப்படவில்லை என்பதையே நீதிமன்றம் முதன்மைப்படுத்தியது. தடைச் சட்டம் செல்லுமா செல்லாதா என்ற கேள்வியின் அருகில் வந்து அது திரும்பிவிட்டது. ஏழாம் நாள் அட்வென்டிஸ்ட்கள் என்ற புராட்டஸ்டன்ட் பிரிவினர் தொடுத்த அல்தின்கய்னாக் வழக்கிலும் 2019 ஜனவரியில் உரிமை மீறல் உறுதிசெய்யப்பட்டது. சட்டப் புத்தகத்தில் 101ஆம் பிரிவு இன்னும் அப்படியே உள்ளது.

## மாற்று வழி: சங்கமாகப் பதிவுசெய்தல்

அறக்கட்டளை வாசல் மூடியிருக்க, 2004ஆம் ஆண்டின் சங்கங்கள் சட்டம் பக்கவாட்டில் ஒரு கதவைத் திறந்தது. ஐரோப்பிய ஒன்றியத்தில் சேரும் முயற்சியில் துருக்கி பல சட்டங்களைத் தளர்த்திய காலம் அது. அதன்பின் பல புராட்டஸ்டன்ட் சபைகள் சங்கங்களாகப் பதிவுசெய்துகொண்டன; 2009இல் அவற்றின் பொது அமைப்பான புராட்டஸ்டன்ட் சபைகள் சங்கமும் பதிவானது. இது உண்மையான முன்னேற்றமே. ஆனால் சங்கச் சட்டம் ஊர்நலச் சங்கத்தையும் விளையாட்டுக் குழுவையும் நினைத்து எழுதப்பட்டது. அந்த அச்சில் ஒரு சபையை வார்க்கும்போது நான்கு இடங்களில் பொருந்தாமல் போகிறது.

1. ஆள் கணக்கு. ஏழு பேர் சங்கத்தைத் தொடங்கலாம். ஆனால் நிர்வாகக் குழுவுக்கு ஐந்து உறுப்பினரும் ஐந்து மாற்று உறுப்பினரும், தணிக்கைக் குழுவுக்கு மூன்று உறுப்பினரும் மூன்று மாற்று உறுப்பினரும் வேண்டும். ஆக மொத்தம் 16 பேர். பெரியவர்கள் பன்னிரண்டு பேரே கூடும் ஒரு சிற்றூர்ச் சபை இந்தக் கணக்கை எட்டாது.

2. தலைமை. சங்கத்தின் தலைவரைப் பொதுக்குழு தேர்ந்தெடுக்கிறது. போதகர் அருட்பொழிவு பெற்றவரா என்பது சட்டத்துக்குத் தெரியாது. அவர் சங்கத்தின் ஊழியராகவோ பொறுப்பாளராகவோ மட்டுமே பதிவாகிறார். 'மதகுரு' என்ற தகுதி அவருக்கு இல்லை.

3. பெயர்ப் பட்டியல். 2020இல் செய்யப்பட்ட திருத்தத்தின்படி, உறுப்பினராகச் சேர்பவர்களின் விவரத்தைச் சங்கம் அடையாள எண்ணோடு அரசுக்குத் தெரிவிக்க வேண்டும். விளையாட்டுக் குழுவுக்கு இது வெறும் படிவம். ஆனால் குடும்பத்துக்கே தெரியாமல் மதம் மாறியிருக்கும் ஒருவருக்கு, சபையின் சங்கத்தில் சேர்வதென்பது தன் நம்பிக்கையை அரசின் தரவுத்தளத்தில் எழுதி வைப்பதாகும். நம்பிக்கையை வெளியிடும்படி யாரையும் கட்டாயப்படுத்தக் கூடாது என்ற 24ஆம் பிரிவோடு இது எப்படிப் பொருந்தும் என்பதற்குத் தெளிவான விடை இல்லை.

4. தணிக்கை. பேரழிவு ஆயுதங்களுக்கான நிதியைத் தடுக்கும் பெயரில் 2020 டிசம்பரில் இயற்றப்பட்ட 7262ஆம் எண் சட்டம் எல்லாச் சங்கங்களின் மீதும் உள்துறை அமைச்சகத்தின் கண்காணிப்பைக் கூட்டியது. சில வழக்குகளில் நிர்வாகிகளைத் தற்காலிகமாகப் பதவியிலிருந்து விலக்கி வைக்கும் அதிகாரத்தையும் தந்தது. சபைக்காக இயற்றப்படாத சட்டம் சபையைக் கட்டுப்படுத்துவதற்கு இது இன்னொரு சான்று.

## கூடிவரும் இடம்

சங்கமாகப் பதிவுபெற்ற சபை ஒரு கட்டடத்தை வாங்கலாம். அதனால் அந்தக் கட்டடம் 'வழிபாட்டுத் தலம்' ஆகிவிடாது. அது தனி அந்தஸ்து. நகர்ப்புறத் திட்ட வரைபடத்தில் அவ்வாறு குறிக்கப்பட வேண்டும், மாநில ஆளுநரின் ஒப்புதலும் வேண்டும். 2003 வரை துருக்கியின் கட்டுமானச் சட்டத்தில் 'மசூதி' என்ற சொல் மட்டுமே இருந்தது. அவ்வாண்டு அது 'வழிபாட்டுத் தலம்' என்று மாற்றப்பட்டபோது பல சபைகள் நம்பிக்கையோடு விண்ணப்பித்தன.

நடந்தது வேறு. வரைபடத்தில் குறிக்கப்பட்ட இடங்கள் மசூதிகளுக்கான பரப்பளவைக் கணக்கிட்டு அமைந்தவை. முப்பது பேர் கூடும் சபைக்கு அவ்வளவு நிலம் தேவையுமில்லை, வாங்கப் பணமுமில்லை. இதே சட்டத்தின்கீழ் மெர்சினிலும் இஸ்மிரிலும் யெகோவாவின் சாட்சிகளின் கூடுமிடங்கள் மறுக்கப்பட்டதை விசாரித்த ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம், சிறிய சமூகத்தின் சிறிய தேவையை அதிகாரிகள் கருத்தில் கொள்ளவே இல்லை என்று 2016 மே 24 அன்று கூறி, மத சுதந்திர மீறலை உறுதிசெய்தது. குடியரசுக் காலத்தில் புதிதாகக் கட்டப்பட்ட முதல் தேவாலயம் என்று அறிவிக்கப்பட்டு இஸ்தான்புல்லின் யெஷில்கொய் பகுதியில் ஓர் ஆலயம் திறக்கப்பட்டது 2023 அக்டோபரில்தான். அதுவும் சிரியக் கிறிஸ்தவர்களுக்கு உரியது.

ஆகவே பெரும்பாலான புராட்டஸ்டன்ட் சபைகள் வாடகை அலுவலகங்களிலும் கடைத் தளங்களிலும் வீடுகளிலும் கூடுகின்றன. அவை பொதுவாகத் தடுக்கப்படுவதில்லை. ஆனால் பாதுகாக்கப்படுவதும் இல்லை. அந்தஸ்து பெற்ற தலத்தின் மின்கட்டணத்தைத் தியானெத்தின் நிதி ஏற்கும், சொத்து வரி விலக்கு கிடைக்கும். வாடகைத் தளத்தில் கூடும் சபைக்கு இரண்டும் இல்லை. இஸ்லாத்துக்குள் ஒரு சிறுபான்மைப் பிரிவான அலெவிகளின் வழிபாட்டிடமான ஜெம் இல்லத்துக்கு மின்கட்டணச் சலுகை மறுக்கப்பட்டது பாகுபாடு என்று 2014 டிசம்பரில் ஐரோப்பிய நீதிமன்றம் தீர்ப்பளித்ததையும் இங்கே நினைவுகொள்ளலாம். அலெவிகள் ஒரு கோடிக்கும் மேற்பட்டோர் என்பது பரவலான மதிப்பீடு. எண்ணிக்கை பெருகினால் பிரச்சினை தீர்ந்துவிடும் என்று எண்ணுவோருக்கு அவர்களின் நிலையே பதில்.

இவற்றுக்கு வெளியே இன்னொரு வகை உண்டு. இஸ்தான்புல்லில் 1868இல் அர்ப்பணிக்கப்பட்ட ஆங்கிலிக்கன் கிரிமியா நினைவு ஆலயம் போன்ற பழைய வெளிநாட்டு ஆலயங்கள் தூதரகங்களின் நிழலில் தொடர்கின்றன. சுற்றுலா சென்று வந்தவர்கள் துருக்கியில் புராட்டஸ்டன்ட் ஆலயம் திறந்திருந்ததைக் கண்டோம் என்று சொல்வது பெரும்பாலும் இவற்றைப் பார்த்துத்தான். துருக்கிய சபைகளின் நிலைக்கு அவை அளவுகோல் ஆகமாட்டா.

## அடையாள அட்டையும் பள்ளிப் பாடமும்

துருக்கியக் குடிமகன் தன் குடிப்பதிவில் உள்ள மதத்தை விண்ணப்பித்து மாற்றலாம். 2006 முதல் அந்தக் கட்டத்தைக் காலியாகவும் விடலாம். அடையாள அட்டையில் மதத்துக்கென ஒரு கட்டம் இருப்பதே மத சுதந்திரத்துக்கு முரணானது என்று 2010 பிப்ரவரியில் சினான் இஷிக் வழக்கில் ஐரோப்பிய நீதிமன்றம் கூறியது. இப்போதைய சில்லு பதித்த அட்டையின் முகப்பில் மதம் தெரியாது. ஆனால் அதன் தரவில் மதத்துக்கான இடம் நீடிக்கிறது.

இதன் விளைவு பள்ளியில் வெளிப்படுகிறது. சமயப் பண்பாடு, ஒழுக்க அறிவு என்ற பாடம் அரசியல் சாசனத்தின் 24ஆம் பிரிவாலேயே கட்டாயமாக்கப்பட்டது. 1990இல் கல்வி அமைச்சகம் எடுத்த முடிவின்படி கிறிஸ்தவ, யூத மாணவர்கள் விலக்குப் பெறலாம். பதிவில் 'கிறிஸ்தவர்' என்று இருந்தால் விலக்கு எளிது. கட்டத்தைக் காலியாக விட்ட பெற்றோரும், வேலைக்கும் உறவுக்கும் அஞ்சிப் பழைய பதிவை மாற்றாமல் இருப்போரும் சிக்கலில் மாட்டுகிறார்கள்: பிள்ளைக்கு விலக்கு வேண்டுமானால் நம்பிக்கையை அறிவிக்க வேண்டும், மறைத்தால் பிள்ளை பாடத்தில் அமர வேண்டும். 2007இல் ஜெங்கின் வழக்கிலும் 2014இல் மன்சூர் யால்சின் வழக்கிலும் ஐரோப்பிய நீதிமன்றம் இந்தப் பாடமுறையைக் குறை கூறியது. இரண்டையும் தொடுத்தவர்கள் அலெவிக் குடும்பத்தினர்.

## போதகர்கள் வெளியேற்றப்படுவது ஏன்?

அண்மை ஆண்டுகளில் செய்திகளில் அடிபடும் 'என்-82', 'ஜி-87' ஆகியவை குடிவரவுத் துறை வெளிநாட்டவரின் பதிவில் இடும் குறியீடுகள். முதலாவது, நாட்டுக்குள் நுழைய முன் அனுமதி வேண்டும் என்பதைக் குறிக்கும். இரண்டாவது, பொதுப் பாதுகாப்புக்கு அச்சுறுத்தல் எனக் கருதப்படுவதைக் குறிக்கும். பெயரளவில் என்-82 தடையன்று. நடைமுறையில் அந்த முன் அனுமதி கிடைப்பதில்லை. 2019க்குப் பின் நூற்றுக்கும் மேற்பட்ட வெளிநாட்டு புராட்டஸ்டன்ட்கள் இவ்வாறு பாதிக்கப்பட்டதாகப் புராட்டஸ்டன்ட் சபைகள் சங்கத்தின் ஆண்டறிக்கைகள் கூறுகின்றன. அவர்களில் துருக்கியரை மணந்து அங்கேயே குடும்பம் அமைத்தவர்களும் உண்டு.

நீதிமன்றத்தில் இந்த முடிவுகளுக்குக் காரணமாகக் காட்டப்படுவது உளவுத்துறையின் தகவல். அது மனுதாரருக்குக் காட்டப்படுவதில்லை. மதம் காரணமென்று எந்தக் காகிதத்திலும் இராது. ஆனால் இத்தனை வெளிநாட்டவர் ஏன் இந்தச் சபைகளில் பணியாற்றுகிறார்கள் என்ற கேள்வியை எழுப்பினால் விடை மீண்டும் சட்ட ஆளுமைக்கே வந்து நிற்கிறது. சட்டப்படி இல்லாத சபை இறையியல் கல்லூரி நடத்த இயலாது. உயர்கல்வியைத் தனியாரிடமிருந்து அரசுக்கு மாற்றிய 1971ஆம் ஆண்டின் நடவடிக்கையால் கிரேக்க ஆர்த்தடாக்ஸ் திருச்சபையின் ஹால்கி இறையியல் பள்ளியே மூடிக் கிடக்கிறது. உள்நாட்டில் போதகர்களை முறையாக உருவாக்க வழியில்லாதபோது வெளிநாட்டுப் போதகர் தேவைப்படுகிறார். அவருக்குச் சமயப் பணிக்கான அனுமதி பெற்றுத்தர அங்கீகரிக்கப்பட்ட திருச்சபை இல்லாததால் அவர் சுற்றுலா வசிப்பு அனுமதியிலோ குடும்ப அனுமதியிலோ தங்குகிறார். சுற்றுலா அனுமதியில் வந்தவர் போதிக்கிறாரே என்று அரசு சந்தேகப்படுகிறது. சந்தேகத்துக்கு வழிவகுத்த நிலையை உருவாக்கியதும் அரசின் சட்டமே.

இந்தச் சந்தேகம் சட்டத்தைத் தாண்டியும் வாழ்கிறது. மிஷனரி என்ற சொல்லுக்குத் துருக்கியப் பொதுவெளியில், உஸ்மானியப் பேரரசு சிதைந்த நினைவோடு சேர்ந்த ஓர் அரசியல் நிறம் உண்டு. 2007 ஏப்ரல் 18 அன்று மலாத்யா நகரில் கிறிஸ்தவ நூல் வெளியீட்டகம் ஒன்றில் இரண்டு துருக்கியரும் ஒரு ஜெர்மானியரும் கழுத்தறுத்துக் கொல்லப்பட்டனர். கொலையாளிகள் ஐவருக்கும் ஆயுள் தண்டனை விதிக்கப்பட 2016 செப்டம்பர் வரை ஆயிற்று. இஸ்மிரில் சிறு சபை நடத்திய அமெரிக்கப் போதகர் ஆண்ட்ரூ பிரன்சன் 2016 அக்டோபரில் பிடிக்கப்பட்டு, 2018 அக்டோபர் 12 அன்று விடுவிக்கப்பட்டார். அவர்மீது சுமத்தப்பட்டது பயங்கரவாத அமைப்புகளுக்கு உதவிய குற்றம். நற்செய்தி அறிவித்ததாக வழக்குப் பதிய அங்கே சட்டப் பிரிவே இல்லை. மாறாக, ஒருவரின் நம்பிக்கையை வெளிப்படுத்த விடாமல் பலவந்தமாகத் தடுப்பதுதான் தண்டனைச் சட்டத்தின் 115ஆம் பிரிவின்படி குற்றம்.

## எதை மாற்றினால் போதும்?

ஐரோப்பிய மன்றத்தின் சட்ட ஆலோசனை அமைப்பான வெனிஸ் ஆணையம் 2010 மார்ச்சில் துருக்கியின் சமயச் சமூகங்களின் சட்டநிலை பற்றிக் கருத்துரை வழங்கியது. சமயச் சமூகங்கள் தம் பெயரிலேயே சட்ட ஆளுமை பெற வழி வேண்டும் என்பதும், அறக்கட்டளையும் சங்கமும் அதற்கு ஈடாகா என்பதும் அதன் சாரம்.

இதற்குள்ள தடையின் அளவைச் சரியாகப் புரிந்துகொள்ள வேண்டும். மடங்களை மூடிய 677ஆம் எண் சட்டத்துக்கு அரசியல் சாசனத்தின் 174ஆம் பிரிவு தனிப் பாதுகாப்புத் தருகிறது. அதைத் தொடுவது பெரும் அரசியல் போராட்டமாகும். 101ஆம் பிரிவுக்கு அத்தகைய பாதுகாப்பு இல்லை. அது சாதாரண சட்டம். நாடாளுமன்றத்தின் சாதாரணப் பெரும்பான்மை அதன் ஒரு வாக்கியத்தை நீக்கலாம். 2004இல் திருத்தப்பட்ட சாசனத்தின் 90ஆம் பிரிவு, அடிப்படை உரிமைகள் தொடர்பான சர்வதேச ஒப்பந்தம் உள்நாட்டுச் சட்டத்தோடு முரண்பட்டால் ஒப்பந்தமே மேலோங்கும் என்கிறது. எனவே துருக்கியின் உள்நாட்டு நீதிபதி ஒருவரே அந்த வாக்கியத்தைப் புறந்தள்ளிப் பதிவை அனுமதிக்க இடமுண்டு. 2012 செப்டம்பர் முதல் குடிமக்கள் தனி மனுவோடு அரசியல் சாசன நீதிமன்றத்தையும் அணுகலாம்.

ஆனால் அந்த வாக்கியம் நீங்கினால் அந்தக் கதவின் வழியாக முதலில் நுழையப்போவது புராட்டஸ்டன்ட் சபைகளாக இருக்காது. நாடு முழுவதும் பள்ளிகளும் விடுதிகளும் நிறுவனங்களும் வைத்திருக்கும் பெரிய இஸ்லாமிய ஜெமாத்களே அந்த வரிசையின் முன்னால் நிற்கும். 2016 ஜூலை இராணுவப் புரட்சி முயற்சிக்கு இஸ்லாமிய மதபோதகர் ஃபெத்துல்லா குலனின் ஜெமாத்தைப் பொறுப்பாக்கிய அரசு, ஜெமாத் என்ற சொல்லைச் சட்டத்தில் தளர்த்த முன்வருமா என்பதைப் பொறுத்தே இஸ்மிரின் ஒரு மாடித் தளத்தில் கூடும் முப்பது பேரின் சட்ட நிலையும் அமையும்.